பேரனிலிருந்து பாட்டனுக்கு: யேல் குடும்பத் தேடல்

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள பழைய கல்லறைத் தூணின் அடியில், புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட், குழந்தைப் பருவத்திலேயே அடக்கம் செய்யப்பட்டான். அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டு, 1637-இல் பாஸ்டனுக்குக் கப்பலேறிய இன்னொரு டேவிட் யேலின் முன்னோரைத் தேடத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன.

முதல் படி எளிதாகவே அமைந்தது. எலிஹு 1649-இல் பாஸ்டனில் பிறந்தார். குடியேறிய டேவிட்டே அவருடைய தந்தை. ஆனால் டேவிட் அமெரிக்காவுக்கு வந்தது தாய் ஆனுடனும், அவருடைய இரண்டாம் கணவரும் பின்னர் நியூ ஹேவன் குடியேற்றத்தின் ஆளுநருமான தியோஃபிலஸ் ஈட்டனுடனும் என்பதைக் கவனிக்காமல், ஈட்டன் குடும்பத்தின் பூர்விகத்தைத் தோண்டி இரண்டு வாரங்களை வீணாக்கினேன். அதில் கிடைத்தது ஒரே பாடம்: ஈட்டன் இறந்த ஆண்டு ஓரிடத்தில் 1657 என்றும் வேறோரிடத்தில் 1658 என்றும் இருந்தது. இரண்டும் சரியே, 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், அவர் இறந்த ஜனவரி பழைய கணக்கில் முந்தைய ஆண்டைச் சேர்ந்துவிடுகிறது. அன்றிலிருந்து ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள தேதிகளை 1657/58 என்றே எழுதிவைக்கிறேன்.

ஆன், இங்கிலாந்திலுள்ள செஸ்டரின் பேராயர் ஜார்ஜ் லாயிடின் மகள். முதல் கணவர் தாமஸ் யேல். தாமஸின் தந்தையும் ஒரு டேவிட், செஸ்டர் மறைமாவட்டத்தின் சான்சலர், அதாவது பேராயரின் சட்ட அலுவலர். இந்த டேவிட்டையும் குடியேறிய டேவிட்டையும் ஒரே ஆளாக்கி வம்சவரைபடத்தில் எழுதிவிட்டேன். சான்சலர் 1626-லேயே இறந்துவிட்டார் என்று பார்த்த பிறகுதான், இறந்தவரை பதினோரு ஆண்டுகள் கழித்துக் கப்பலேற்றியிருக்கிறேன் என்பது உறைத்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் நாம் பேரன் என்கிறோம் என்பார்கள். அதே வழக்கம் செஸ்டரிலிருந்து சென்னைவரை மூன்று டேவிட்களைத் தந்திருக்கிறது. ஆனாலும் பெயர் ஒரு தடயமே, சான்றாகாது.

சான்சலருக்கு அப்பால் வேல்ஸ் நாட்டின் யால் பகுதிக்குச் செல்ல வேண்டும். குடும்பப் பெயரே அந்த ஊர்ப்பெயரின் திரிபுதான். நம் முதலெழுத்து வழக்கம்போல அங்கும் தந்தை பெயரையே மகனுக்குப் பின்பெயராக இட்டதால், நிலையான குடும்பப் பெயரை நம்பித் தேட இயலாது. ஆகவே சான்சலருக்கு மேலுள்ள கட்டங்களை இப்போதைக்குப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.