பகலில் உப்பு மூட்டை, இரவில் காத்தவராயன்

புலம்பெயர்ந்தவர்கள் எழுதும் கதைகளில் பனி கொட்டும், விமான நிலையம் வரும், புரியாத பாஷை வரும். நான் போய்க் குடியேறியது கிளிநொச்சியில். 1990இல் அப்பாவும் அம்மாவும் மன்னாரில் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து திருவண்ணாமலை மாவட்டத்து முகாம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார்கள். நான் அங்கே பிறந்தவன். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம், ரேஷன் அரிசி, மாதாமாதம் செக்கிங், முகாமில் பாதி ஆண்கள் செய்த பெயிண்ட் வேலை. போர் முடிந்து நாலு வருடம் கழித்து, 2013இல், ஊருக்குத் திரும்புவோம் என்றார் அப்பா. அவர்தான் திரும்பினார். எனக்கு அது முன்பின் பார்க்காத நாடு.

காகித வேலைகளைச் சொல்லத் தொடங்கினால் முடியாது. இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், குடியுரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அது வந்த பிறகுதான் அடையாள அட்டை. அட்டை வரும்வரை கிராம சேவகரின் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். காணியில் வீடு இல்லை, கிணறு மட்டும் இருந்தது, அதற்குள் மரம் முளைத்திருந்தது. அயலில் எங்களுக்கு வைத்த பெயர் ‘இந்தியாக்காரர்’. கோபமாக யாரும் சொல்லவில்லை, அடையாளத்துக்குச் சொன்னார்கள். ஆனாலும் முகாமில் ‘சிலோன்காரன்’ என்று கூப்பிட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேலை உடனே கிடைத்தது. அப்போது வன்னி முழுக்க இந்திய வீட்டுத்திட்டம் நடந்துகொண்டிருந்தது. மொத்தம் 50,000 வீடுகள். வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாயைத் தவணை தவணையாகக் கொடுப்பார்கள், வீட்டுக்காரரே ஆள் வைத்துக் கட்ட வேண்டும். மேசன், தச்சன், பெயின்ரர் எவருக்கும் ஓய்வில்லை. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மேசனிடம் விட்டார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு இரண்டு வகுப்பு மூத்தவராம். பெரியப்பா என்று கூப்பிடு என்றார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நல்லது. இந்தியாவிலையிருந்து வீடும் வந்திட்டுது, பெயின்ரரும் வந்திட்டான்” என்றார்.

ஊரில் அவரை எல்லோரும் அண்ணாவியார் என்கிறார்கள். அண்ணாவியார் என்றால் கூத்துப் பழக்கும் ஆசான். மேசனை ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, சுவருக்குச் சாந்து பூசிக்கொண்டே பாடத் தொடங்கினார். சாந்தகப்பையால் வாளி விளிம்பில் தட்டித் தாளம். தெருவில் சைக்கிளில் போன ஒரு அம்மா காலை ஊன்றி நின்று கேட்டுவிட்டுப் போனார். அறுபது வயதுக் குரல் என்று சொல்ல முடியாது. கூரை போடாத வீட்டுக்குள்ளிருந்து நேரே மேலே போனது.

பெரியப்பாவின் முதல் சம்பளம் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில். ஆனையிறவு உப்பளத்து உப்பைக் கரைத்து, அதற்குள் மின்சாரம் பாய்ச்சி, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த ஆலை அது. எழுபதுகளின் தொடக்கத்தில் மூட்டை இறக்கும் கூலியாகச் சேர்ந்தார். உப்பு மூட்டை முதுகில் ஏறினால் சாக்கு ஈரமும் வியர்வையும் கலந்து தோலை அரிக்கும் என்று தோள்பட்டையைத் திருப்பிக் காட்டினார். குளோரின் நெடி கொஞ்சம் கூடிய நாட்களில் தொண்டை கட்டிக்கொள்ளும். அன்றைக்கு மல்லித்தண்ணி, பேச்சைக் குறைப்பது, வேறு வைத்தியம் இல்லை. பாடுகிறவன் தேடிப் போகக்கூடாத வேலை என்றால் இதுதான். ஆனால் வேலையைத் தேர்ந்தெடுக்கிற நிலையில் அவர் இருக்கவில்லை.

இரவில் அவர் காத்தவராயன். வன்னியில் மாரியம்மன் கோயில் பக்கம் போனால் காத்தவராயன் கூத்தைத் தவிர்க்க முடியாது. முத்துமாரியின் பிள்ளை, ஆரியமாலை மேல் ஆசைப்பட்டுக் கடைசியில் கழுமரம் ஏறுகிறவன். பாட்டெல்லாம் சிந்து மெட்டு, அதனால் சிந்துநடைக் கூத்து என்றும் சொல்வார்கள். ஒருமுறை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும். ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் பாட்டுத் தெரியும், ஆடுகிறவன் வரியை விட்டால் பாயில் படுத்திருக்கிற கிழவி எடுத்துக் கொடுப்பாள். விடிய விடிய நடப்பதால் ஒரே பாத்திரத்தைப் பல பேர் பங்கு போட்டு ஆடுவார்கள். பெரியப்பாவுக்கு எப்போதும் பிற்காத்தான், விடியப்புறம் கழுவேறுகிற கடைசி ஆள். கூட்டம் அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரத்தில் உச்சக் குரலில் பாட வேண்டும். அதனால் முன்னிரவு முழுக்கத் திரைக்குப் பின்னால் படுத்துத் தூங்குவாராம். மூன்று மணிக்கு எழுப்பி முகத்துக்குப் பூசிவிடுவார்கள். விடிந்ததும் பூச்சைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு நேரே ஆலைக்கு. கூத்து உள்ள இரவு அவருடைய முறை வந்தால், கூட வேலை செய்த ஒரு சிங்களவர் அவருக்காக நின்று பார்ப்பாராம். அந்த மனுசன் ஒரு தடவைகூடக் கூத்துப் பார்த்ததில்லை என்பதில் பெரியப்பாவுக்கு இன்றைக்கும் கவலை.

திருவண்ணாமலைப் பக்கத்தில் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே கட்டைக் கிரீடமும் முகவீணையுமாக வரும் குழுவுக்குத் தொகை பேசிக் கொடுப்பார்கள். இங்கே ஊர்க்காரரே ஆடுகிறார்கள், பெரும்பாலும் நேர்த்திக்கடனுக்காக. கிடைப்பது சாப்பாடு, ஒரு வேட்டி, யாராவது நெஞ்சில் குத்திவிடும் நோட்டு. கலையைக் கூலிக்கு விற்கக்கூடாது என்று மேடையில் பேசுகிற ஐயாமாரைப் பார்த்திருக்கிறேன். மாதச் சம்பளக்காரர்கள்தான் அப்படிப் பேசுகிறார்கள். பெரியப்பா அதைச் சொன்னதே இல்லை. “காசு தந்தா வாங்கியிருப்பன்” என்பார்.

அவருடைய ஆதர்சம் காங்கேசன்துறை வி.வி. வைரமுத்து, நடிகமணி. வைரமுத்துவினது கூத்து அல்ல, இசை நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து வேர்பிடித்த வகை, ராகமும் ஆர்மோனியமுமாக நிற்பது. அரிச்சந்திர மயான காண்டத்தை அவர் ஆயிரக்கணக்கான தடவை ஆடினார். 1989இல் இறந்தார். பெரியப்பா சிறுவனாக ஒரு கோயில் திருவிழாவில் அந்த நாடகத்தைப் பார்த்திருக்கிறார். அரசன் சுடலை காக்கிற கூலியாளாகி, சொந்தப் பிள்ளையின் உடலுக்கே காசு கேட்கிற இடம். “வேலைக்காரனா வாற ராசாவை நாங்கள் அழாமப் பாக்கேலாது தம்பி, ராசாவா வாற வேலைக்காரர்தானே நாங்கள்” என்றார். சொல்லிவிட்டு, மணல் அரித்தாயிற்றா என்று கேட்டார்.

எண்பதுகளின் நடுவில் போரில் ஆலை நின்றது. அதற்குப் பிறகுதான் மேசன் வேலை. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடினார்கள், திரும்பி வந்து 2008இல் மறுபடி ஓடத் தொடங்கினார்கள். அந்தக் கடைசி ஓட்டத்தில், பாட்டெல்லாம் எழுதி வைத்திருந்த கூத்துக் கொப்பி போயிற்று. அவருடைய அண்ணாவியார் கையால் எழுதிக் கொடுத்த கெட்டி அட்டை சி.ஆர். கொப்பி, பொலித்தீனில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்திருந்தது. எந்தப் பதுங்குகுழியில் விட்டேன் என்று தெரியவில்லை என்கிறார். அதைப் பற்றி அதற்கு மேல் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. பிறகு போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம்.

நான் ஊரோடு ஒட்டியது அந்தக் கொப்பியால்தான். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும், பெயர்ப்பலகை எழுதிப் பழகிய கை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்ல நான் எழுதுவது என்று ஏற்பாடு. ஆனால் அவருக்குச் சொல்ல வராது. வசனம்போல் சொல்லத் தொடங்கினால் மூன்றாம் வரியில் நின்றுவிடும். பாடினால் ஓடும். இடையில் ஒரு சொல்லை நான் தவறவிட்டு “என்ன சொன்னீங்க?” என்றால், அந்த இடத்திலிருந்து எடுக்க முடியாது, பாட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும். புட்டு ஆறிப்போகும். மற்ற வேலையாட்கள் சுற்றி உட்கார்ந்து பிற்பாட்டு எடுப்பார்கள். எழுதிக்கொண்டே நானும் எடுக்கத் தொடங்கினேன். பேசினால் இந்தியாக்காரன் என்று தெரிந்துவிடும் எனக்கு, பாடும்போது அது காணாமல் போனது. ஒரு நாள் மத்தளக்காரர் திரும்பிப் பார்த்து, “உவன் ஆற்ற பெடியன்?” என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னார்கள். “ஓ, அவன்ரை மோனே” என்றார். அவ்வளவுதான். அடையாள அட்டை அதற்கு அப்புறம்தான் வந்தது.

மூத்த கலைஞர் விருது ஒன்றுக்கு அவரை எழுதிப்போடலாம் என்று நானும் சிலரும் விண்ணப்பம் நிரப்பினோம். ஆடியதற்குச் சான்றிதழ், பத்திரிகை நறுக்கு, புகைப்படம் இணைக்க வேண்டுமாம். எழுபதுகளில் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆடிய மூட்டைக் கூலியை யார் படம் பிடித்தார்கள்? பிடித்திருந்தாலும் அது துணிப்பையோடு போயிருக்கும். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், விண்ணப்பம் மட்டும் திரும்பி வந்தது. பெரியப்பா அதன் பின்பக்கத்தில் சீமெந்துக் கணக்குப் போட்டார்.

இப்போது மேசன் வேலைக்குப் போவதில்லை, முழங்கால் விடவில்லை. பாட்டுப் பழக்குவது மட்டும். கம்பியில்லா மைக்கைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. அது வந்த பிறகு பெடியள் வாயைத் திறப்பதில்லை என்பார். இந்த வருடம் ஆரியமாலைக்கு ஆள் இல்லை. வழக்கமாக ஆடியவன் கட்டார் போய்விட்டான். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை தான் ஆடுவதாக வந்து நின்றாள். கோயில் நிர்வாகத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், பெண்வேடத்தை ஆண்கள்தான் கட்டுவது வழக்கம் என்றார்கள். பெரியப்பாவும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, “எத்தினை கட்டையிலை பாடுவாய்? மைக் இல்லாமல் பாடு பாப்பம்” என்றார். அவள் பாடினாள். கடைசி அடியை இன்னும் ஏற்றச் சொல்லிவிட்டு, என்னிடம் கொப்பியைக் கொடுக்கச் சொன்னார்.