என் பாலிசியில் இருந்த ‘கார் ஹையர்’

தைப்பூசக் காவடிக்கு டர்பன் போவது என்று முடிவானதும் வீட்டில் கிளம்பிய முதல் கேள்வி, நம் காரிலேயே போகலாமா என்பதுதான். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். வான் ரீனன் கணவாயில் பெரிய லாரிகளுக்கு நடுவே இறங்குவதை நினைத்தாலே எனக்குக் கை வியர்க்கும். அதிலும் தைப்பூசத்துக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் அரசு விடுமுறை கிடையாது, லீவு போட்ட நாளை ரோட்டில் கழிக்க மனசு வரவில்லை. சரி, விமானத்தில் போய் கிங் ஷாகா விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்துக்கொள்வோம் என்று கிளம்பினோம்.

கவுன்டரில் இருந்த பெண் ஸ்டாண்டர்ட் வெய்வரா, சூப்பர் வெய்வரா என்று கேட்டாள். காருக்குச் சேதம் வந்தால் நாம் கட்ட வேண்டியதைக் குறைக்கும் ஏற்பாடுதான் வெய்வர். சூப்பருக்கு நாளொன்றுக்குக் கொஞ்சம் கூடுதல். வேண்டாம், ஸ்டாண்டர்டே போதும், எனக்குச் சொந்த இன்சூரன்ஸ் இருக்கிறது என்று கெத்தாகச் சொன்னேன். அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்து, பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

என் தைரியத்துக்குக் காரணங்கள் இரண்டு. டாலஸில் இருக்கும் என் மாமா பையன், “அந்தக் கவர் எல்லாம் வேண்டாம்னு சொல்லிடுடா, உன் இன்சூரன்ஸே பார்த்துக்கும்” என்று எப்போதோ சொல்லியிருந்தான். அப்புறம், என் பாலிசியிலேயே ‘கார் ஹையர், 30 நாள்’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கென்று மாதாமாதம் தனியாகப் பணம் வேறு போகிறது. இதைவிட என்ன வேண்டும்?

டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோமில் காவடிக் கூட்டம் கலைகிற நேரம், ஒரு மினிபஸ் டாக்சிக்கு வழிவிடப் பின்னால் எடுத்தேன், இடது பின் சக்கரம் நடைபாதையின் கல்விளிம்பில் போய் இடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் குழிப்பணியாரம் மாதிரி ஒரு புடைப்பு, ரிம்மும் வளைந்திருந்தது. காரைத் திருப்பிக் கொடுத்த நான்கே நாளில் கிரெடிட் கார்டில் டயருக்கும் ரிம்முக்கும் பிடித்துவிட்டார்கள், ‘சேதத்தைக் கையாண்ட கட்டணம்’ என்று தனியாகவும் ஒரு தொகை. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் புரட்டினேன். டயர், ரிம், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி இதெல்லாம் ஸ்டாண்டர்டில் சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

போகட்டும், நம் பாலிசி இருக்கிறதே என்று புரோக்கருக்கு போன் போட்டேன். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்காரர், மூன்று தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம், ‘வணக்கம்’, ‘சரி’ இரண்டையும் தாண்டினால் ஆங்கிலம்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ‘கார் ஹையர்’ என்றால் நான் வாடகைக்கு எடுக்கும் காருக்குப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லையாம். என் கார் விபத்தில் அடிபட்டுப் பேனல் பீட்டரிடம் (நசுங்கிய தகரத்தைச் சரிசெய்பவரிடம்) கிடந்தாலோ திருடு போனாலோ, அதுவரை ஓட்டிக்கொள்ள அவர்கள் எனக்கு ஒரு வண்டி தருவார்கள், 30 நாள் வரைக்கும். அவ்வளவுதான். மற்றபடி என் பாலிசி, அதில் பதிவெண் எழுதியிருக்கும் அந்த ஒரு காருக்கு மட்டும்தான். இரண்டு வருஷமாகப் பணம் கட்டுகிறேன், அந்த ஒரு வரியைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

மாமா பையன் சொன்னதும் பொய்யில்லை, அது அவன் ஊர்க் கணக்கு. அமெரிக்காவில் சொந்தக் காருக்கு முழுக் கவர் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதே கவர் அந்நாட்டில் எடுக்கும் வாடகைக் காருக்கும் நீளும், அவர்கள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டிய டிடக்டிபிளோடு சேர்த்து. அங்கேயும் கார் பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு வாடகைக் கம்பெனி கேட்கும் நஷ்டத்தை எல்லாப் பாலிசியும் தருவதில்லை. இதை அவன் இப்போதுதான் சொல்கிறான்!

இன்னொன்றும் அன்றுதான் தெளிந்தது. வெய்வர் என்பது இன்சூரன்ஸே இல்லை. ‘சேதத்தை முழுதாக உன்னிடம் கேட்க மாட்டேன், உன் பங்காக (எக்ஸஸ்) இவ்வளவு வரை கொடு போதும்’ என்று வாடகைக் கம்பெனி விட்டுக்கொடுப்பது, அவ்வளவே. நாம் ஒரு நிபந்தனையை மீறினால் அந்த விட்டுக்கொடுத்தலும் போய்விடும். இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காவடியன்று வெறுங்காலில் வெயிலில் நடந்து என் பாதம் கொப்புளித்துவிட்டதால், சக்கரம் மாற்றியபின் தங்கியிருந்த இடம் வரை ஓட்டியது என் மனைவி. ஒப்பந்தத்தில் இருந்ததோ என் பெயர் மட்டும். அந்த அரை மணி நேரத்தில் எவன் வண்டியிலாவது மோதியிருந்தால் மொத்தமும் எங்கள் தலையில் விழுந்திருக்கும். இந்த நாட்டில் எதிராளியின் வண்டிச் சேதத்துக்கென்று கட்டாய இன்சூரன்ஸ் கிடையாது. பெட்ரோல் விலையோடு சேர்த்து வசூலிக்கும் தொகையில் ஓடும் சாலை விபத்து நிதி, ஆளுக்கு அடிபட்டால்தான் இழப்பீடு தரும், தகரம் நசுங்கினால் தராது. இந்தியாவில் மூன்றாம் நபர் கவர் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது என்று பழகி வந்த எனக்கு, இது இன்னும் ஜீரணமாகவில்லை.

அந்த ‘கார் ஹையர்’ வரியை எடுத்துவிடலாமா என்று புரோக்கரிடமே கேட்டேன். உங்கள் வீட்டில் ஒரே காரா என்று திருப்பிக் கேட்டார். ஆமாம். இருக்கட்டும் என்றார், இருக்கிறது.

அடுத்த மாதம் கேப் டவுன் போகிறோம். இந்த முறை சூப்பர், ஓட்டுநர் பெயரும் இரண்டு. டயரும் முன்கண்ணாடியும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், மூன்று நாளாகப் பதிலைக் காணோம்.