காலாப்பட்டில் கர்ணன் வேடம்

என் அக்கா மகள் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கிறாள். மாசி மாதம் ஒரு நாள் இரவு போன் செய்தாள். "மாமா, சனிக்கிழமை எங்க கேம்பஸ்ல நாள் முழுக்க நிகழ்ச்சி. சாயங்காலம் கூத்து. நான் கர்ணன் கட்டுறேன். தாத்தாவைக் கூட்டிட்டு வர முடியுமா?"

அப்பாவுக்கு 84 வயது. நெல்லிக்குப்பம் பக்கத்தில் எங்கள் ஊரில் இருக்கிறார். நாற்பது வருஷம் கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவர். இப்போது முழங்கால் மடங்குவதில்லை, பஸ் ஏற முடியாது. "நீ போய்ப் பாரு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் கூத்துப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. ஆறாவது படிக்கும்போது ஒருவன் என்னைக் "கூத்தாடி மகன்" என்று கூப்பிட்டான். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து அப்பா என்னைக் கூத்து நடக்கும் களரிப் பக்கமே விட்டதில்லை. ஊரில் யாராவது பையனை அனுப்பிக் கற்றுக்கொடுக்கச் சொன்னாலும், "இது என்னோட போகட்டும்" என்றுவிடுவார்.

சனிக்கிழமை விடியற்காலை திருப்பாதிரிப்புலியூரில் வண்டி ஏறினேன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, முள்ளோடையில் எல்லை கடந்தால் புதுச்சேரி. கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர் ஊராக நின்று, புதுச்சேரி புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு மரக்காணம் வண்டிக்கு மாறினேன். காலாப்பட்டு இங்கிருந்து வடக்கே சுமார் 12 கிலோமீட்டர். கோட்டக்குப்பம் வந்தால் மறுபடி தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பொம்மையார்பாளையம் தாண்டிக் காலாப்பட்டில் நுழைந்தால் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர்கள் துண்டு துண்டாகக் கிடந்ததால் வந்த எல்லை இது. ஒரே காலையில் மூன்று தடவை எல்லை தாண்டினேன், கண்டக்டர் முதற்கொண்டு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நடுவில் கருவடிக்குப்பத்தில் இறங்கிவிட்டுத்தான் போனேன். சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் கண்ணை மூடினார். அவர் வருவதற்கு முன்பு மேடை நாடகத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி பாடுவார்கள், வாய்க்கு வந்த வசனம் பேசுவார்கள். பாட்டும் வசனமும் எழுதிக் கொடுத்து, சிறுவர்களைச் சேர்த்துக் கம்பெனி நடத்தி, இதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தவர் அவர். கடைசிக் காலத்தில் வாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. ஊர் ஊராக அவ்வளவு வசனம் பேச வைத்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். என் அக்கா மகள் படிக்கும் இடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்: சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த வண்டி பிடித்தேன்.

பல்கலைக்கழகம் 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் வந்தது. வளாகம் ஏறக்குறைய 800 ஏக்கர் என்கிறார்கள். உள்ளே நடந்தால்தான் அந்த எண் காலுக்குத் தெரியும். செம்மண், முந்திரி, வேம்பு, மழைநீர் அரித்துப்போன பள்ளங்கள். முந்திரி பூத்திருந்தது. பண்ருட்டிப் பக்கத்து ஆளுக்கு அந்த வாசனை போதும், வெளியூர் வந்த நினைப்பே போய்விடும்.

காலை நிகழ்ச்சிகளை எல்லாம் நான் முழுதாகப் பார்க்கவில்லை. கோலப்போட்டி ஒரு பக்கம், வினாடி வினா ஒரு பக்கம், மரங்களைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம். நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை பெயர். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். அதிலிருந்து ஒரு பையன் உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, துரை இன்னது கேட்டார், நான் இன்னது சொன்னேன் என்று போகிறது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலான பேச்சுத் தமிழ். ஒரு தூணில் சாய்ந்து கால் மணி நேரம் கேட்டேன்.

சாப்பாட்டுக் கடைகள்தான் மதியம் வரை என்னைப் பிடித்து வைத்தன. புதுச்சேரி என்றால் நமக்குப் புதுச்சேரி மட்டும்தான் ஞாபகம் வரும். காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திராவில் கோதாவரிப் பக்கம் ஏனாம் எல்லாம் சேர்ந்ததுதான் இந்த யூனியன் பிரதேசம். பல்கலைக்கழகத்தின் எல்லை இன்னும் பெரிது. அந்தமானும் லட்சத்தீவும்கூட இதற்குள்தான் வருகின்றன. மாஹே பையன்கள் கல்லுமக்காய் என்கிற கடல் சிப்பியை வறுத்துக்கொண்டிருந்தார்கள். ஏனாம் பெண் பூதரேக்குலு வைத்திருந்தாள். அரிசிக் கஞ்சியைச் சூடான பானை முதுகில் துணியால் இழுத்துக் காகிதம்போல் எடுத்து, நெய்யும் வெல்லமும் வைத்து மடித்தது. வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது. போர்ட் பிளேரிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம் சுத்தமான ராமநாதபுரத் தமிழ் பேசினாள். தாத்தா காலத்தில் கப்பல் ஏறிப் போனவர்களாம்.

நான்கு மணிக்கு அக்கா மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, முகம் எழுதப் போறாங்க. வாங்க."

ஒரு வகுப்பறை. பெஞ்சுகளை ஓரம் கட்டிப் பாய் விரித்திருந்தார்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து கூத்து வாத்தியார் ஒருவர் வந்திருந்தார், அறுபது வயது இருக்கும். இவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, தேங்காய் எண்ணெயில் குழைத்த சாயத்தை உள்ளங்கையில் எடுத்து நெற்றியில் வைத்தார். முகம் முழுக்கச் சமமாகப் பரவும் வரை விரல் ஓயவில்லை. பிறகு மையில் மீசை. "சிரிக்காத. சிரிச்சா மீசை கோணும்" என்றார். கடைசியில் ஈர்க்குச்சியை வெள்ளையில் தொட்டுப் புருவத்துக்கு மேலே ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். இந்தப் பக்கம் ஒன்று வைத்தால் அந்தப் பக்கம் ஒன்று. எண்ணிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் பதினொன்று. கண்ணாடி பார்க்காமல், அளவு பார்க்காமல்.

அப்புறம் கட்டை. புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் எல்லாமே கல்யாணமுருங்கை மரத்தில் செய்தவை. அந்த மரம் கனமே இருக்காது, ராத்திரி முழுக்கத் தலையில் வைத்து ஆட வேண்டுமே. கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டியிருக்கும். ஒரு புஜக்கட்டையை என் கையில் கொடுத்தார்கள். உள்பக்கம் திருப்பினேன். வியர்வையும் எண்ணெயும் ஊறிக் கறுத்துப்போய், தோள் பட்ட இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. எத்தனை பேருடைய தோளோ.

வாத்தியார் என்னைப் பார்த்து, "பாப்பாவோட தாத்தா கூத்துல இருந்தவராமே? எந்த ஜமா?" என்றார்.

அப்பா இருந்த கூத்துக் குழுவின் பெயரைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். "அவரு கையை நான் கேட்டிருக்கேன். விடியற நேரத்துல தூக்கத்துல இருக்கிறவன எழுப்புற கை அது." கிரீடத்தின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார். என் அப்பாவைப் பற்றி வெளி ஆள் ஒருவர் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

இருட்டியதும் மரங்களுக்கு நடுவே திறந்த வெளியில் களரி. பாயிலும் மண்ணிலும் மாணவர்கள். முகவீணை என்கிற ஊதுகுழல் கிளம்பியது, ஆர்மோனியமும் தாளமும் சேர்ந்துகொண்டன. மிருதங்கம் ஒரு மாணவன். கூத்தை நடத்திப் போகிற கட்டியங்காரன் வந்து எல்லோரையும் கும்பிட்டான். இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்தது. பின்னால் இருந்து விருத்தம். அவள் குரல் என்று தெரிந்தும் எனக்கு நம்ப முடியவில்லை. திரை விலகியதும் ஒரு சுற்று, இரண்டு, மூன்று என்று சுழன்று கிறுக்கி அடித்தாள். பாவாடை குடையாக விரிந்தது.

போருக்குப் புறப்படும் கர்ணனைப் பொன்னுருவி மறிக்கிற இடம். வியாச பாரதத்தில் வராத, கூத்தில் உயிரோடு இருக்கிற கர்ணன் மனைவி பொன்னுருவி. தேரோட்டி மகன் என்று காலமெல்லாம் புருஷனை இளப்பமாக நினைத்தவள். பொன்னுருவியாக வந்தவன் பாலக்காட்டுப் பையன், மலையாள வாசனையோடு அழுத்தமாகப் பேசினான். எங்கள் ஊர்க் களரியில் பெண் வேடமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். எந்த வேடத்துக்கும் பெண் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. இங்கே என் அக்கா மகள் கட்டை கட்டிக் கர்ணனாக நிற்கிறாள். "நீ யார் பெற்ற பிள்ளை?" என்று பொன்னுருவி கேட்கிறாள். கர்ணன் உடனே பதில் சொல்லவில்லை. சலங்கைக் காலைத் தரையில் ஒரு தடவை தட்டிவிட்டு, நின்றான். அந்த இரண்டு விநாடியில் எனக்கு ஆறாம் வகுப்பு நினைவு வந்தது. இருட்டில் உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

முழுவதையும் செல்போனில் எடுத்தேன். முடிந்ததும் அவளைப் பார்த்துப் பேச நேரமில்லை, கடலூருக்குக் கடைசி வண்டியை விட்டுவிடக் கூடாதே. முகத்தில் பாதி எண்ணெயும் பாதிக் கர்ணனுமாக ஓடி வந்து, "தாத்தாகிட்ட காட்டுவீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை ஊருக்குப் போனேன். அப்பா திண்ணையில் இருந்தார். கண்ணில் புரை, படம் சரியாகத் தெரியாது. போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நாற்பது நிமிஷம். நடுவில் அம்மா வைத்த காபியைத் தொடவில்லை. வலது கை விரல்கள் மட்டும் திண்ணை விளிம்பில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"குரல் நல்லாருக்கு. கிறுக்கிய அவசரப்பட்டு அடிக்கிறா, அதான் பாட்டுக்கு மூச்சு பத்தல. அடிக்கிற பையனுக்கும் கை ஓடுது, நிறுத்தி வாசிக்கத் தெரியல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "லீவு எப்ப விடறாங்களாம்? ரெண்டு பேரையும் வரச் சொல்லு. பரண் மேல மிருதங்கம் இருக்கு, இறக்கி வெயில்ல வை."