எங்கள் வீட்டில் சாவு விழவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. திங்கட்கிழமை காலை ரொட்டி சானாய் கடையில் ஒருவர் என் தோளைத் தட்டி "மனச தேத்திக்கப்பா" என்று சொல்லிவிட்டு என் தே தாரேக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனதால்தான் இதை எழுதவேண்டி வந்தது. காசைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அது வேறு விஷயம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பிளாஸ்டிக் டிரம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் படம் பார்க்கப் போனவன், நேரம் இருக்கிறதே என்று பக்கத்திலிருந்த விளையாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தேன். அங்கே டைக்கோ நோ தாட்சுஜின் இருந்தது. நாம்கோ 2001ல் ஜப்பானில் இறக்கிய ஆட்டம். முன்னால் ஒரு பெரிய மேளம், கையில் இரண்டு குச்சி, திரையில் வட்டங்கள் ஓடி வரும். சிவப்பு வந்தால் நடுவில் அடிக்கவேண்டும், அது டொன். நீலம் வந்தால் விளிம்பில், அது கா. அவ்வளவுதான் ஆட்டமே. ஆனால் டொன் டொன் கா என்று ஆரம்பித்தவன் படத்தில் முதல் அரை மணி நேரத்தைக் கோட்டைவிட்டேன், கதாநாயகன் ஏன் எல்லாரையும் அடிக்கிறான் என்று கடைசிவரை புரியவில்லை.

அன்றிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் மேசையைத் தட்டி, மோட்டார் சைக்கிளில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது பெட்ரோல் டாங்கியைத் தட்டி, கடைசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு டிரம் செட்டை 150 வெள்ளிக்குப் பிடித்தேன். ராக் பேண்ட் ஆட்டத்துக்கானது. ஹார்மோனிக்ஸ் 2007ல் கொண்டுவந்த ஆட்டம் அது. ஒருவர் கிதார், ஒருவர் பேஸ், ஒருவர் டிரம், ஒருவர் பாட்டு என்று வீட்டு வரவேற்பறையிலேயே கச்சேரி வைக்கலாம். எனக்குக் கிடைத்தது டிரம் மட்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாக நான்கு ரப்பர் தட்டு, காலுக்கு ஒரு பெடல். பெரியம்மா மகனிடம் தூசு படிந்து கிடந்த பிளேஸ்டேஷன் 3ஐயும் வாங்கி வந்து மாட்டினேன்.

முதல் பிரச்சினை பெடல். எங்கள் வீட்டில் பளபளவென்று வழுக்கும் ஓடு போட்டிருக்கிறது, ஒவ்வொரு மிதிக்கும் பெடல் இரண்டு அங்குலம் முன்னால் நகரும். பாட்டு பாதியில் இருக்கும்போது என் கால் டிவி மேசைக்கு அடியில் இருக்கும், மீதி உடம்பு நாற்காலியில் தொங்கிக்கொண்டிருக்கும். கால்மிதி போட்டுப் பார்த்தேன், அதுவும் சேர்ந்து நகர்ந்தது. பழைய சிலிப்பரை முட்டுக் கொடுத்தேன், சிலிப்பர் பறந்தது. கடைசியில் சமையலறைக்குப் போய் அம்மாவின் அம்மிக்கல்லைத் தூக்கிவந்து பெடலுக்கு முன்னால் வைத்தேன். அசையவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கு வீடு மாறியபோது பாட்டி தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த கல் அது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எனக்கு வேணும்னா அந்த நிமிஷமே வேணும்." இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிரச்சினை சத்தம். பகலில் எனக்கு வேலை, ராத்திரிதான் ஆட்டம். அம்மாவும் தங்கச்சியும் தூங்கவேண்டும் என்று நான் ரொம்பப் பொறுப்பாக டிவியோடு புளூடூத் ஹெட்போனை இணைத்துக்கொண்டேன். எனக்குள் முழு ராக் கச்சேரி ஓடும், வீடு அமைதியாக இருக்கும் என்று நினைப்பு. இந்த டிரம்மின் மகிமை என்னவென்றால், பாட்டுச் சத்தத்தை அடைத்துவிடலாம், தட்டுச் சத்தத்தை அடைக்கமுடியாது. ரப்பர் தட்டுக்கு அடியில் பீசோ என்று 20 சென் காசு மாதிரி ஒரு தகடு இருக்கிறது, அடியின் அதிர்வை அது மின்சாரமாக்கித்தான் ஆட்டத்துக்குத் தெரியும். அதிரவில்லை என்றால் அடி விழுந்த கணக்கே இல்லை. ஆகவே வெளியே இருப்பவருக்குக் கேட்பது வெறும் டப், டப், டபடப டப். ஒட்டு வீடு, ஒரே சுவர்.

பத்தரை மணி இருக்கும். யாரோ கேட்டை ஆட்டும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது, அம்மா வந்து தோளில் அடித்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, கையில் பெரிய பிளாஸ்க், கண்ணில் ஏற்கெனவே தண்ணீர். சாவு வீட்டில் அடுப்பு பற்றவைக்கமாட்டார்கள் என்று காப்பி போட்டு எடுத்துக்கொண்டே வந்துவிட்டார்.

"யாரு போய்ட்டா?" என்றார்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரும் எங்கயும் போகலையே, தூங்கிட்டுல்ல இருந்தோம்."

"மேளச் சத்தம் கேக்குதே. நானும் அரை மணி நேரமா படுத்துக்கிட்டே கேட்டுட்டு இருக்கேன்."

நான் கையில் குச்சியோடு எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான்கு வண்ணத் தட்டைப் பார்த்தார், அம்மிக்கல்லைப் பார்த்தார். அம்மிக்கல்லைப் பார்த்தபோது மறுபடியும் கொஞ்சம் சந்தேகம் வந்த மாதிரி இருந்தது.

அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் அவர் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே இரண்டு பேருக்கு போன் போட்டிருக்கிறார். அதில் ஒருவர் என் தாய்மாமா.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வயசு அறுபதைத் தாண்டியாயிற்று, இன்னும் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறார், செம்பனைக் குலை வெட்டிய கை. அந்தக் கைக்கு இன்னொரு வேலை உறுமி. ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமவிட்டு, இன்னொரு பக்கத்தைத் தட்டி, தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடியோடு போகும்போது அவர் மேளச் செட்டுக்குப் பின்னால் நடந்தால் கால் வலிக்காது என்று ஆட்கள் சொல்வார்கள். கல்யாணம், திருவிழா, சாவு எதுவானாலும் எங்கள் சொந்தத்தில் அவர் செட்டுதான். பத்து நிமிடத்தில் கப்சாய் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூட கழற்றாமல் உள்ளே வந்தார். முகத்தில் துக்கமே இல்லை. கோபம்.

"அக்கா, என்னைக் கூப்பிடாம எந்த செட்டைக் கூப்பிட்ட?"

யார் செத்தார்கள் என்று அவர் இன்னும் கேட்கவே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரியம்மாவும் உட்கார்ந்தார். கொண்டுவந்த காப்பியை வீணாக்கக்கூடாது என்று அம்மா டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். துக்கத்துக்கு வந்த காப்பி, சர்க்கரை தூக்கலாக நன்றாகவே இருந்தது. மாமா விரலால் சிவப்புத் தட்டைச் சுண்டிப் பார்த்தார், நீலத்தைச் சுண்டினார், நான்கும் ஒரே சத்தம் என்று தெரிந்ததும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தோல் எங்கடா?"

"ரப்பர் மாமா."

"வெயில்ல வச்சு எடுத்தா கொஞ்சம் ஏறுமா?"

ஏறாது என்று சொல்லி, அவரை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, மீடியத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஈஸி போட்டால் அவமானமாகிவிடும் என்று ஒரு மரியாதை. வண்ண வண்ணக் கட்டைகள் இறங்கி வரும், கோட்டைத் தொடும்போது அந்த வண்ணத்தில் அடிக்கவேண்டும், குறுக்கே நீளமாக ஆரஞ்சுக் கோடு வந்தால் பெடல் என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். ஆட்டியது எனக்கா பாட்டுக்கா தெரியவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, கண்ணைத் தொறங்க."

"தாளத்தை எதுக்குடா பாக்கணும்?"

17 சதவீதத்தில் பாட்டு நின்றது. திரையில் கூட்டம் ஊளையிட்டது. முப்பது வருஷம் காவடிக்கு வாசித்த மனிதரை ஒரு பெட்டி ஊளையிடுகிறது. இன்னொரு முறை போட்டோம், இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டுதான் அடித்தார், 22 சதவீதம். அவர் கை போனபோக்கில் இடையில் இரண்டு மூன்று அடி சேர்த்துப் போடுகிறார், அது அவருக்கு அழகு, ஆட்டத்துக்குத் தப்பு. கட்டை இல்லாத இடத்தில் தட்டினால் தொடர்ச்சி அறுந்துவிடும். பத்து அடி விடாமல் சரியாக அடித்தால் மதிப்பெண் இரட்டிப்பு, முப்பது அடித்தால் நாலு மடங்கு, ஓர் அடி கூடினாலும் குறைந்தாலும் மறுபடியும் ஒன்றிலிருந்து. "இது கங்காணிகிட்ட பேரு குடுக்கற மாதிரி இருக்குடா" என்றார்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பாட்டு பிந்தி வருது."

நானும் தங்கச்சியும் சிரித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அடக்கமுடியாமல் சிரித்தோம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கவேண்டும், ஏனென்றால் போகும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு "படம் ஒரு பக்கம் ஓடுது, சத்தம் அதுக்குப் பின்னால நொண்டிக்கிட்டு வருது, காது உள்ளவனுக்குத் தெரியும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் சொல்லவில்லை.

தூக்கம் வராமல் தங்கச்சி ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டத்தின் அமைப்புப் பகுதியை நோண்டியிருக்கிறாள். அங்கே படத்துக்குத் தனியாக, சத்தத்துக்குத் தனியாக எவ்வளவு தாமதம் என்று சரிக்கட்டும் இடம் இருக்கிறது. டிக் டிக் என்று சத்தம் வரும், அதற்கேற்பத் தட்டிக்கொண்டே இருந்தால் ஆட்டம் அளந்து சொல்லும். படம் கிட்டத்தட்ட சரி. சத்தம் 190 மில்லி விநாடி தாமதம். அதாவது கிட்டத்தட்ட ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. புளூடூத் பண்ணும் வேலை. பாட்டை மடித்து, காற்றில் அனுப்பி, காதருகே பிரிப்பதற்கு அதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். படம் பார்க்கும்போது டிவிகள் அதற்கேற்பப் படத்தையும் பிடித்துவைத்துச் சமாளித்துவிடும், தாளத்தில் சமாளிக்கமுடியாது. நான் இரண்டு வாரமாகப் பாட்டையே கேட்காமல் வண்ணத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ராக் கச்சேரி ஓடுகிறது என்று நினைத்தேன் பாருங்கள், அது பச்சை விளக்கு எரிந்தால் போகிற வேலைதான். காதால் வாசித்த ஒரே ஆள் மாமா, அதனால் அவருக்கு மட்டும்தான் ஊளை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தயங்கித் தயங்கி போன் போட்டேன். "மாமா, சத்தம் பிந்திதான் வந்திருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எவ்வளவு?"

"விநாடியில அஞ்சுல ஒரு பங்கு."

"நான் நாலுல ஒரு பங்குன்னு நினைச்சேன்" என்றார்.

பத்து மணிக்கு செட்டில் வாசிக்கும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு வேனில் வந்து இறங்கினார், சாட்சிக்கு. ஹெட்போனைத் தூக்கி எறிந்துவிட்டு டிவியின் ஸ்பீக்கரிலேயே பாட்டை வைத்து, தாமதத்தைப் புதிதாகச் சரிக்கட்டி, அதே பாட்டைப் போட்டோம். இந்த முறை கூட்டம் ஊளையிடவில்லை, கைதட்டியது. பழகியதும் ஹார்டுக்கு மாற்றச் சொன்னார். இந்த ஆட்டத்தில் சக்தி சேர்ந்ததும் சில நேரம் நான்கு தடமும் நிறம் நிரம்பி வரும், அந்தச் சில விநாடி மட்டும் இஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் தட்டலாம், கடைசி அடியைப் பச்சையில் வைத்தால் மதிப்பெண் கூடும். மாமாவுக்கு அந்த இடம் வந்ததும் முகம் மாறிவிட்டது. தப்பு மேளத்துக்கு அடிக்கும் அடியெல்லாம் அதற்குள் இறக்கினார், கூட வந்த இருவரும் சோபாக் கையில் தட்டிச் சேர்ந்துகொண்டார்கள், நிறம் முடிந்து கட்டைகள் வர ஆரம்பித்த பிறகும் நிறுத்தவில்லை, பச்சையாவது மண்ணாவது. தொடர்ச்சி அறுந்தது. "போனா போகட்டும், இங்கதான் மனுசனா விடறான்" என்றார்.

அடுத்த பாட்டில்தான் ஒழுங்காக நின்றார். எண்பது சதவீதம் வரைக்கும் நான்கு மடங்கு கீழே இறங்கவே இல்லை. பெரியம்மாவும் பிளாஸ்க்கை வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தொண்ணூறு. நாங்கள் யாரும் மூச்சுவிடவில்லை.

அம்மா சமையலறையிலிருந்து வந்தார், குனிந்தார், அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த மிதியில் பெடல் நகர்ந்தது. மாமா காலை நீட்டி எட்டிப் பிடித்தார், அது இன்னும் நகர்ந்தது, பாதி நாற்காலியிலும் பாதி தரையிலுமாக டிவி மேசைக்கு அடிவரை துரத்திக்கொண்டு போனார், இரண்டு கையும் என்ன செய்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. கூட்டம் ஊளையிட்டது. 94 சதவீதம்.

"அக்கா! பாட்டு முடியற வரைக்கும் பொறுக்கக்கூடாதா?"

"கெம்போங் மீன் வாங்கி வச்சு எவ்வளவு நேரம் ஆச்சு? மசாலா அரைக்கவேணாமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்த வார இறுதியில் எங்கள் வீட்டுக்குச் செத்து வந்தது அந்த ஒரு கிலோ மீன் மட்டும்தான். ஏழு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம், பெரியம்மா உட்பட. பிளாஸ்க்கை மறந்துவிட்டுப் போய்விட்டார்.