பேரணாம்பட்டு மாந்தோப்பில் ஒரு காலடி

சித்திரை வெயிலில் பேரணாம்பட்டுப் பக்கம் மாமா தோப்புக்குப் போயிருந்தேன். முந்தின ராத்திரி யானை வந்து போயிருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் பிய்ந்து கிடந்தது. சாணத்தில் முழுசு முழுசாக மாங்கொட்டைகள். பக்கத்திலேயே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு காலடி.

"நஷ்டந்தான்டா. ஆனா தண்ணிக்கு அது எங்க போகும்?" என்றார் மாமா.

ஒரு யானை நாளைக்கு 150 லிட்டர்கூடக் குடிக்கும். அந்தப் பக்கம் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயம். அங்கே குட்டைகள் காய்ந்தால் யானைகள் இங்கே இறங்கிவிடுகின்றன. வெயில் ஏறிக்கொண்டே போவதை வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆசிய யானை 1986-லிருந்தே அழியும் ஆபத்திலுள்ள விலங்குகள் பட்டியலில் இருக்கிறது.

அப்புறம், கிளம்பும்போது மாமா பக்கத்துத் தோப்பைக் காட்டினார். யானை வராமலிருக்க வேலிக் கம்பியில் நேரடியாகவே கரண்ட் கொடுத்திருந்தார்கள்.