குழந்தை கடத்தல் புகார்: முதல் மனுவில் என்ன இருக்க வேண்டும்

குழந்தையைக் காணோம் என்று பதறி வரும் குடும்பங்களோடு ஸ்டேஷனுக்குப் போய்வருகிறவர்கள் நாங்கள். வழக்கின் தலையெழுத்தில் பாதி, ரைட்டர் மேசையில் அந்த முதல் மனுவை எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. அதில் விட்டுப்போனதைப் பிறகு சேர்க்கலாம். ஆனால் “முதலில் ஏன் சொல்லவில்லை” என்ற குறுக்கு விசாரணைக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

“ஒருநாள் பார்ப்போம், சொந்தக்காரர் வீட்டில் இருக்கும்” என்று சொன்னால் கிளம்பாதீர்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. குழந்தை காணாமல் போனாலே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், வேறுவிதமாகத் தெரியவரும்வரை அதைக் கடத்தலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே சொல்லிவிட்டது. மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எங்கள் எல்லை இல்லை என்பதும் காரணமாகாது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173இன்படி எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்பலாம். நகல் இலவசம், கையோடு வாங்குங்கள். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் மனு, அதுவும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட். இதற்கிடையில் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அவசர எண் 112க்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடக்கும் குற்றங்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 363 கிடையாது, அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 137(2). ஏழாண்டு வரை சிறை, அபராதம். முன்பு ஆண் என்றால் 16 வயதுக்குள், பெண் என்றால் 18 வயதுக்குள் என்று பிரித்திருந்தார்கள். இப்போது இருபாலருக்கும் 18. பலாத்காரம் தேவையில்லை; ஆசைகாட்டிக் கூட்டிப்போனாலே குற்றம் முழுமை. பாதுகாவலர் சம்மதமில்லாமல் அவர் பொறுப்பிலிருந்து குழந்தை போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். “குழந்தையே சிரித்துக்கொண்டு கூட வந்தது” என்ற வாதம் நாலு வயசுப் பிள்ளை விஷயத்தில் எடுபடாது. தானாக வந்தால் கடத்தல் ஆகாது என்று, 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வரதராஜன் வழக்கைச் சிலர் காட்டுவார்கள். அது 18ஐ நெருங்கிய கல்லூரிப் பெண் தானாக வீட்டை விட்டுப் போன வழக்கு; சின்னப் பிள்ளைக்குப் பொருந்தாது.

ஆகவே மனுவில் முதலில் வரவேண்டியது, குழந்தை அந்த நேரத்தில் யார் பொறுப்பில் இருந்தது என்பது. அம்மாவே இருந்திருக்க வேண்டியதில்லை. பாட்டி, பக்கத்து வீட்டக்கா, அங்கன்வாடி ஆசிரியை என்று யாரிடம் நம்பி விட்டிருந்தாலும் சட்டப்படி அவரும் பாதுகாவலர்தான். அவர் பெயரை எழுதுங்கள். கடைசியாகப் பார்த்த இடம், நேரம், உடை, மச்சம் எல்லாம் வரட்டும். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுங்கள், ஆதார் போதாது. ஐந்து வயதுக்குக் கீழ் ஆதாரில் கைரேகையே எடுப்பதில்லை என்பதால் அடையாளம் காணவும் அதை நம்ப முடியாது. அண்மையில் எடுத்த போட்டோதான் உதவும்.

பலர் கோட்டை விடுவது நகையில்தான். 137(2) ஜாமீனில் விடக்கூடிய குற்றம். கேட்டால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும், ஆனால் பி.என்.எஸ்.எஸ். முதல் அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. பத்து வயதுக்குள்ளான குழந்தை மேல் இருக்கும் பொருளைத் திருடும் எண்ணத்தோடு கடத்தினால் பிரிவு 97. தண்டனை அதே ஏழாண்டுதான், ஆனால் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது. கொலுசு, அரைஞாண், காதில் கிடந்த தோடு எல்லாவற்றையும் எடையோடு எழுதச் சொல்லி நாங்கள் நச்சரிப்பது இதற்காக. ரசீது இருந்தால் இணையுங்கள். பிச்சை எடுக்க வைக்கக் கடத்தினால் 139: குறைந்தது பத்தாண்டு, ஆயுள் வரை. பாதுகாவலர் அல்லாத ஒருவர் குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்தினாலே கடத்தியதாகத்தான் அனுமானம். இல்லை என்று காட்டுவது அவர் பாடு.

பணம் கேட்டு போன் வந்தால் 140(2), மரண தண்டனையோ ஆயுளோ. ஆனால் பணம் கேட்டதை மட்டும் நிரூபித்தால் போதாது. தெலங்கானாவின் ஷேக் அகமது வழக்கில், பள்ளி மாணவனைக் கடத்திய ஆட்டோ ஓட்டுநர் மீதான பணயப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2021இல் நீக்கி, 363இல் ஏழாண்டாகக் குறைத்தது. குழந்தையைக் கொல்வேன், காயப்படுத்துவேன் என்ற மிரட்டலோ, அப்படி நியாயமாகப் பயப்பட வைக்கும் நடத்தையோ நிரூபிக்கப்படவில்லை. எனவே மிரட்டிய வார்த்தைகளைக் கேட்டபடியே மனுவில் எழுதுங்கள். போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். போன் பதிவைச் சாட்சியமாக்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்று வேண்டும். தெருக்கடை கேமரா பதிவு சில நாட்களிலேயே அழிந்துவிடும், அதைக் கைப்பற்றச் சொல்லி அன்றைக்கே எழுதிக்கொடுங்கள்.

அப்பாவே தூக்கிப்போனால் கதை வேறு. எதிராக நீதிமன்ற உத்தரவு இல்லாத நிலையில் அவரும் இயற்கைப் பாதுகாவலர்; கடத்தல் வழக்கு பெரும்பாலும் நிற்காது. அங்கே ஸ்டேஷனில் மல்லுக்கட்டுவது வீண். குடும்ப நீதிமன்றமோ உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவோதான் வழி. ஐந்து வயதுக்குள் குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு இந்துப் பாதுகாவலர் சட்டம்.

சந்தேகத்தில் ஊரார் யாரையாவது பிடித்தால் அடிக்க விடாதீர்கள். 2018இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியைக் கடத்தல்காரி என்று அடித்தே கொன்றார்கள். பிடித்தவரைத் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும்.

நான்கு மாதமாகியும் குழந்தை கிடைக்கவில்லை என்றால் வழக்கை ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கிடைத்ததும் படத்தையும் பெயரையும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதை நிறுத்துங்கள்; இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74இன்படி அது குற்றம். குழந்தை சாட்சி சொல்லச் சட்டத்தில் தடையில்லை, கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிந்தால் போதும். வீட்டில் ஆளாளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடமாக்கிவிட்டால், சொல்லிக்கொடுத்த சாட்சி என்று எதிர்த்தரப்பு சுலபமாக உடைத்துவிடும். மாஜிஸ்திரேட் முன் பி.என்.எஸ்.எஸ். 183இன்படி தரும் வாக்குமூலம் முடியும்வரை அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.