அம்மாவின் பொருத்தனையும் எங்கள் ஊர் அசனமும்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒரு கடனை இந்த மே மாதம் செலுத்திவிட்டு வந்தேன். எழுதி வைக்காவிட்டால் மனசு அடங்காது போலிருக்கிறது.

2021 மே. சென்னையில் ஆக்சிஜன் படுக்கையில் 19 நாள் கிடந்தேன். பக்கத்துப் படுக்கைகள் காலியாவதும் நிறைவதுமாக இருந்த நாட்கள். அம்மா அப்போது ஊரில் தனியாக இருந்தாள். திசையன்விளைக்கு அந்தப் பக்கம், தேரி மணலும் பனையுமாக இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. ஊரடங்கில் பஸ் இல்லை, வந்து பார்க்கவும் வழியில்லை. அம்மா கோயில் வாசற்படியில் போய் உட்கார்ந்து பொருத்தனை பண்ணியிருக்கிறாள். பிள்ளை உயிரோடு வீடு திரும்பினால் ஊர் அசனத்துக்கு, அதாவது கோயிலில் ஊரே கூடிச் சமைத்துச் சாப்பிடுகிற விருந்துக்கு, ஒரு கிடாவும் ஒரு சிப்பம் அரிசியும்.

திரும்பிவிட்டேன். ஆனால் பொருத்தனை தள்ளிக்கொண்டே போனது. அந்த வருஷம் அசனமே நடக்கவில்லை. அடுத்த வருஷம் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து எங்களோடு சென்னைக்கே வந்துவிட்டாள். அப்புறம் எனக்கு லீவு இல்லை, பையனுக்குப் பரீட்சை, ஏதோ ஒன்று. ஒருநாள் நானே சொன்னேன், "பணமா அனுப்பிருவோமேம்மா, ரெண்டு நிமிஷ வேலை." அம்மா பேசாமல் வேதாகமத்தை எடுத்து என் கையில் கொடுத்து 116ஆம் சங்கீதத்தைப் படிக்கச் சொன்னாள். கர்த்தருக்குப் பண்ணின பொருத்தனையை அவருடைய ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாக நிறைவேற்றுவேன் என்று அதில் இரண்டு முறை வருகிறது. எத்தனையோ முறை படித்த சங்கீதம்தான். 'ஜனங்களுக்கு முன்பாக' என்ற இடத்தில் நான் ஒருநாளும் நின்றதில்லை. "ஜனங்க இல்லாம எப்படிய்யா நிறைவேத்துவ?" என்றாள். அதற்குமேல் நான் பேசவில்லை.

சரி, கிளம்பினோம், நானும் பையனும். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்ததே பெரிய கிருபை.

கிடா வாங்கப் போன சந்தையில்தான் முதல் வேதனை. அசன சீசன் என்று தெரிந்தால் போதும், தரகர்கள் மொய்த்துவிடுகிறார்கள். நாம் கிடாவைப் பார்ப்பதற்குள் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து, விற்கிறவரோடு பேசி முடித்துவிடுகிறார்கள். 12,000 ரூபாய் பெறும் கிடாவுக்கு 16,500 சொன்னார் ஒருவர். "சாமிக்குச் செய்யறதுல கணக்குப் பாக்கலாமா அண்ணாச்சி" என்று வேறு கேட்டார். பக்தியை வைத்து வியாபாரம் பண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிகிறது. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கடைசியில் சந்தைக்கு வெளியே ஒரு பெரியவர் தன் வீட்டுக் கிடாவை நியாயமான விலைக்குக் கொடுத்தார்.

குட்டியானை வண்டியில் கிடாவும் அரிசிச் சிப்பமும் நாங்களும். தேரிப் பக்கம் திரும்பியதும் டயர் வெடித்தது. மதியம் ஒரு மணி, மாற்று டயரும் இல்லை. போனில் சிக்னல் கோடு வருவதும் மறைவதுமாக இருந்தது. கிடா வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டது. பொருத்தனைக் கிடா, அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று பதறிப் போனேன். கொஞ்ச தூரத்தில் ஒரு விடிலியில், பதநீர் காய்ச்சுகிற குடிசையில், புகை தெரிந்தது. போய்ப் பார்த்தால் ஓர் ஆச்சி கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தார். கிடாவுக்கு ஒரு வாளி தண்ணீர் கொடுத்தார். எங்களுக்கு ஓலைப் பட்டையில் பதநீர். பையனுக்கு அதுதான் முதல் பட்டை. இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து, கன்னம் வழியாக வழிய வழியக் குடித்தான்.

"எந்த ஊரு அசனத்துக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "எனக்கும் அங்க வருஷா வருஷம் ஒரு இலை உண்டுல்லா" என்றார். நெற்றியில் திருநீறு இருந்தது. புறப்படும்போது ஒரு கருப்பட்டிச் சில்லை ஓலையில் சுற்றி, "இதையும் சேத்துப் போட்டிரு, என் பங்கு" என்று கொடுத்தார். அரை மணி நேரத்தில் ஊரிலிருந்து வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நாலு பைக்கில் வந்துவிட்டார்கள். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பதிலைக் கர்த்தரிடம் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் பையனை இடையன்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மிஷனரி கால்டுவெல் ஐயர் கட்டின கோயில், வேலை தொடங்கி முடிய 33 வருஷம் ஆயிற்று, 1880இல் பிரதிஷ்டை. பள்ளிக்கூடத்தில் அவரைத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவராக மட்டுமே படித்திருந்த பையனுக்கு, இவர் சென்னையிலிருந்து நடந்தே இந்தப் பக்கம் வந்தவர் என்பது பெரிய ஆச்சரியம். அவர் அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். ஜனங்களை அறிந்துகொள்ள வேண்டும் என்று நடந்து வந்தவர், ஜனங்கள் முழங்கால் போடுகிற இடத்திலேயே படுத்திருக்கிறார். பையன் ரொம்ப நேரம் பேசாமல் நின்றான்.

ராத்திரி கோயில் வளாகம் முழுக்க டியூப் லைட். படுதா விரித்து, நடுவில் உள்ளியும் கத்தரிக்காயும் மலை மாதிரி குவிந்திருக்க, சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. மும்பையிலிருந்து வந்தவர்கள், கோயம்புத்தூரில் கடை வைத்திருப்பவர்கள், துபாயிலிருந்து லீவில் வந்தவர்கள் எல்லோர் கையிலும் அரிவாள்மனையோ கத்தியோ இருந்தது. எங்கள் சேகரத்து ஐயரும் ஐயரம்மாவும், அதாவது போதகரும் அவர் மனைவியும், உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கீர்த்தனையைத் தொடங்க, அது ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போய், ஆண்கள் கட்டைக் குரலில் பிடிக்க, பாட்டுக்கு நடுவே "ஏ, அந்தக் கூடையை இங்க தள்ளு" என்ற சத்தமும் சேர்ந்துகொண்டது. சென்னையில் நாங்கள் போகிற சபை பெரியது. நல்ல பிரசங்கம், நல்ல இசை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்த ராத்திரி அது உறைத்தது.

மணி அடித்துக் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் என்னை மணிக்கயிற்றில் தொங்கவிட்டு விளையாட்டுக் காட்டியவர், இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே சொன்னார். "உனக்குத் தெரியுமா தம்பி, அந்த மே மாசம் கோயிலைப் பூட்டியாச்சு, கூடக் கூடாதுன்னு உத்தரவு. ராத்திரி எட்டு மணிக்கு மணி மட்டும் அடிப்பேன். அவங்கவங்க வீட்டுக்குள்ள முழங்கால் போட்டு, சீக்காளிங்க பேரைச் சொல்லி ஜெபிப்பாங்க. உன் பேரு ரெண்டாவது. பத்தொம்பது நாளும் அடிச்சேன்."

கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வார்டில் நானும் கர்த்தரும் மட்டுமே இருந்தோம் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தவன் நான். எங்கள் சபையில் மைக் பிடித்தே சொல்லியிருக்கிறேன். திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கினார்களே, இயேசு பார்த்தது அந்த நாலு பேரின் விசுவாசத்தையும் அல்லவா! படுக்கையில் கிடப்பவனுக்கு முகட்டில் கயிறு பிடித்திருக்கிறவர்கள் முகம் தெரிவதில்லை. எனக்கு அந்த முகங்கள் உள்ளி உரிக்கிற வெளிச்சத்தில்தான் தெரிந்தன. உள்ளி உரித்ததால் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். என் கண்ணில் வந்ததை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

ஞாயிறு விடியற்காலை. கோயில் படிக்கு முன்னால் ஓலைப்பாய்கள் விரித்து, அரிசி சேர்க்க ஆரம்பித்தார்கள். மூட்டையாகக் கொடுப்பவர்கள் மூட்டையை இறக்கினார்கள். வீட்டில் தினமும் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியைப் பெண்கள் சட்டியிலும் ஓலைப்பெட்டியிலும் கொண்டுவந்து கொட்டினார்கள். நான் என் சிப்பத்தைத் தோளில் சுமந்து போனேன். 25 கிலோ, வெளுத்த நல்ல பொன்னி. கடன் தீர்க்கப் போகிறவனின் நிமிர்வு எனக்குள் இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சித்தி நின்றார். ஒரு கையில் அவர் வீட்டுச் சட்டி, இன்னொரு கையில் ஒரு பித்தளை உழக்கு. விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. அந்த நசுங்கலை எனக்குத் தெரியும், சின்ன வயதில் நான் திண்ணையிலிருந்து கீழே போட்டது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அம்மாவின் பெயர், புள்ளி புள்ளியாக வெட்டியது, அப்படியே இருந்தது.

"அக்கா மெட்ராசுக்குப் போன அன்னைக்கு இதை எங்கிட்ட எடுத்து வச்சிட்டேன் மக்கா" என்றார் சித்தி. "தினம் எங்க வீட்டு உலைக்கு அரிசி எடுக்கும்போது அவங்க பேருக்கு ஒரு பிடி. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கோயில்ல சேத்துருவேன். இது இந்த வாரத்துது. உங்க வீட்டு அரிசி நிக்கக் கூடாதுல்ல."

மூன்று வருஷம். சித்தி பீடி சுற்றிப் பிழைக்கிறவர். ரேஷன் அரிசியில் தனக்கு ஒரு பிடி, எங்கள் அம்மாவுக்கு ஒரு பிடி. எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது, முற்றத்தில் புல் முளைத்திருந்தது. ஆனால் கோயில் கணக்கில் எங்கள் வீட்டு அடுப்பு ஒருநாளும் அணையவில்லை.

உழக்கை என் கையில் கொடுத்து, "நீ கொட்டு" என்றார். கொட்டினேன். பழுப்பாக, கொஞ்சம் தடித்த அரிசி, குவியலில் விழுந்து சரிந்து மற்ற அரிசியோடு கலந்தது. அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் தரிசனம் கண்டவன் இல்லை, சத்தம் கேட்டவனும் இல்லை. கர்த்தர் அந்தப் பாய்க்குப் பக்கத்தில் நின்றார். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். சிப்பத்தை அப்புறம் பையன்தான் பிரித்துக் கொட்டினான். எனக்குக் கை ஓடவில்லை.

ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளை ஐயர் வாசித்தபோது அம்மாவின் பெயரும் வந்தது. சபையார் எழுந்து ஒரு ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். வரவர ஃப்ளெக்ஸ் பேனர் கூடிவிட்டது. ஜெபம் முடியுமுன்னே வாசலில் நெரிசல், கொதிக்கிற அண்டாவுக்கு மேலே ட்ரோன் பறக்கிறது, வயசானவர்கள் வெயிலில் நிற்க, காரில் வந்தவர்கள் பின்வாசல் வழியாக நுழைகிறார்கள். இதெல்லாம் வேண்டாம். அசனம் என்றாலே எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்காருவது. நம் சபைகளிலும் யாரோடு யார் உட்காருவது என்று பார்த்த காலம் உண்டு. அது அடியோடு போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் இந்த ஒரு பந்தியையாவது கறைபடாமல் காக்க வேண்டும் என்கிறேன்.

உட்கார்ந்தபோது என் இடது பக்கம் முன்னாள் தலைமையாசிரியர், வலது பக்கம் விடிலி ஆச்சி! சொன்னபடி வந்துவிட்டார். பையன் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இலையாக ஓடினான். வீட்டில் தன் தட்டைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை. சோற்றில் கறிக்குழம்பு விழுந்ததும் எழுந்த வாசனை, என் அப்பா மடியில் உட்கார்ந்து சாப்பிட்ட நாள்வரை என்னைக் கொண்டுபோய் விட்டது. எந்தக் கறி எந்த வீட்டுக் கிடா என்று யாருக்குத் தெரியும்? என்னுடையதும் அதில் எங்கேயோ இருந்தது. என் சிப்பத்துச் சோறு எது, சித்தி வீட்டுப் பிடி எது என்றும் பிரிக்க முடியாது.

கிளம்பும்போது சித்தி ஒரு தூக்குவாளியில் குழம்பை இன்னொரு கொதி விட்டு, மூடியைத் துணியால் கட்டிக் கொடுத்தார். "அக்காவுக்கு. காலைல போனதும் சூடு பண்ணிரு." ராத்திரி ரயிலில் வாளியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

திங்கள் காலை வீட்டுக்கு வந்து குழம்பை அடுப்பில் வைத்தேன். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டாள். கிடா எவ்வளவு, எடை எத்தனை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் யார் வந்திருந்தார்கள் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டாள். கோயில்பிள்ளைக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா, அந்த மகள் மாசமாக இருந்தாளே, பிள்ளை பிறந்ததா என்று கேட்டுக்கொண்டே போனாள். மணி அடித்ததைச் சொன்னேன். "தெரியும்ய்யா" என்றாள். உழக்கைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எடுத்துட்டு வந்தியா?"

"இல்லம்மா, சித்திகிட்டயே இருக்கு."

"நல்லது" என்றாள். "அங்கயே இருக்கட்டும்."